யூரல் ஏறியவன் இறங்கமாட்டான்

பழைய யூரல் சைடுகார் மோட்டார்சைக்கிள் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் இருந்தால் வாங்காதீர்கள், அதற்கு ரயில் இருக்கிறது. கையில் கறை படாமல் வண்டி ஓட்டவேண்டுமா? அப்போதும் வேண்டாம், அதற்கு ஜப்பான்காரன் இருக்கிறான். மற்ற எல்லோரும் வாங்கலாம். வாங்கலாம் என்ன, வாங்கியே தீரவேண்டும். இத்தனை வயதுக்கு மேல் ஒரு இரும்பு வண்டி என்னை இப்படிக் கிறுக்காக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் இருப்பது ரஷ்யாவின் யெகதெரின்பர்க்கில். யூரல் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உள்ள தொழில் நகரம். பிழைப்புக்காக வந்தவன், வண்டிக்காக நின்றுவிட்டேன் என்று வீட்டில் குத்திக்காட்டுவார்கள். திருச்சியில் அப்பாவின் புல்லட்டில் ஓட்டக் கற்றவன் என்பதால் கனமான வண்டி, கிக்கர், எண்ணெய்க் கசிவு எதுவும் எனக்குப் புதிதல்ல. ஆனால் வலது பக்கத்தில் ஒரு தொட்டியும் மூன்றாவது சக்கரமும் சேர்ந்தால் அது வேறு ஜாதி வண்டி. அதற்குப் புல்லட் அனுபவம் ஒரு சல்லிக்கும் உதவாது.

என்னுடையது 1989இல் செய்த ஐ.எம்.இசட். 8.103 மாடல். கரும்பச்சை. 650 சிசி, 36 குதிரைத் திறன், நான்கு கியர், அதோடு ஒரு ரிவர்ஸ் கியர். ஆமாம், பைக்கில் ரிவர்ஸ். வெறும் வண்டியே முந்நூறு கிலோவுக்கு மேல். சேற்றில் அதைப் பின்னால் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சின்ன நெம்புகோலின் அருமை தெரியும். ஒரு கிராமத்தில், வைக்கோலுக்குப் பின்னால், கோழிகள் உட்காரும் இடமாக நின்றிருந்தது. விற்றவர் ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர். விலை பேசும்போது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கைகளைப் பார்த்தார். ஸ்பேனர் பிடிப்பாயா என்று கேட்டார். பிடிப்பேன் என்றதும் ஒரு மரப்பெட்டி நிறைய உதிரிப் பாகங்களைச் சைடுகாருக்குள் வைத்துவிட்டு, இதற்குக் காசு வேண்டாம் என்றார். சைடுகாரின் தரையில் உருளைக்கிழங்கு மண் ஒரு விரற்கடைக்குப் படிந்திருந்தது.

முன்சக்கரம், பின்சக்கரம், சைடுகார் சக்கரம், பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெப்னி, நான்கும் ஒன்றுதான். எதைக் கழற்றி எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். பின்சக்கரம்தான் சீக்கிரம் தேயும். தேய்ந்ததும் சைடுகாருக்கு மாற்றிவிட்டு அதிகம் தேயாததைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். செயின் கிடையாது, ஷாஃப்ட். செயின் இறுக்குவது, எண்ணெய் விடுவது, சேற்றில் அறுவது எதுவுமில்லை. எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று நேராக அடிப்பதால் சூடு தங்காது. தலைப்பகுதி முழுவதும் வெளியே இருப்பதால், எஞ்சினை இறக்காமலே, பெட்ரோல் டாங்கைத் தொடாமலே, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அக்டோபர் மாதக் குளிரில் இரண்டு முழங்காலுக்கும் அருகில் அடுப்பு மூட்டி வைத்ததுபோல் இருக்கும். இந்த ஒரு சுகத்துக்காகவே எத்தனை குதிரைத் திறனை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம்.

காலையில் அதைக் கிளப்புவது ஒரு பூஜை. பெட்ரோல் டேப்பைத் திற. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்ப்புரேட்டர். ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கு, விரல் நுனியில் பெட்ரோல் ஈரம் தெரியும்வரை. சாவி போடாமல் கிக்கரை மெதுவாக இரண்டு மிதி, சிலிண்டருக்குள் பெட்ரோல் போகட்டும். பிறகு சாவி. பிறகு உடம்பின் முழு எடையையும் போட்டு ஒரு மிதி. டுப்... டுப்டுப்... டுபுடுபுடுபு. வண்டி முழுக்க இடவலமாக ஒரு குலுக்கல், அப்புறம் சமாதானம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். திட்டுவதற்கல்ல, எட்டிப் பார்ப்பதற்கு. இந்த ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சத்தத்தோடு ஏதாவது ஒரு பழைய கதை இருக்கிறது. ஒருவர் கல்யாணப் பெண்ணைச் சைடுகாரில் அழைத்துவந்தாராம். இன்னொருவர் கன்றுக்குட்டியை.

பனிக்காலத்தில் பூஜை நீளும். சுழியத்துக்குக் கீழே 25, 30 டிகிரியில் எண்ணெய் மெழுகாகிவிடும். கிராமத்தார் மண்ணெண்ணெய் ஊதுவிளக்கை எஞ்சினுக்கு அடியில் காட்டி ஆயில் சம்பைச் சூடாக்குவார்கள். பெட்ரோல் டாங்குக்குக் கீழே நெருப்பு! முதலில் பார்த்தபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர்கள் சிகரெட்டும் பற்றவைத்துக்கொண்டார்கள்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரண பைக்கில் திருப்பத்தில் உடம்பைச் சாய்ப்போம், வண்டியும் சாயும். இதில் வண்டி சாயாது. ஹேண்டில்பாரைக் கையால் பிடித்துத் திருப்பவேண்டும், தோள்பட்டை வலிக்க வலிக்க. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வலப்பக்கம் இழுக்கும். ஏனென்றால் தள்ளுவது பின்சக்கரம் மட்டும், சைடுகார் சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கும். பைக் நிற்கிறது, சைடுகார் நிற்க மனமில்லாமல் முன்னால் ஓடப்பார்க்கிறது. இடது திருப்பத்தில் எடை முழுவதும் சைடுகார்மேல் சாயும். வலது திருப்பத்தில் வேகமாகப் போனால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். முதன்முதலில் அது எழும்பியபோது என் அடிவயிறும் கூடவே எழும்பியது. இப்போது காலி மைதானம் கிடைத்தால் வேண்டுமென்றே எழுப்பி வட்டமடிக்கிறேன். வேறு ஆள் இல்லாதபோது சைடுகாருக்குள் ஒரு மணல் மூட்டையாவது கிடக்கட்டும் என்பது இங்கே எழுதாத சட்டம்.

பழகிவிட்டால்? இழுப்பும் தள்ளலும் சேர்ந்து ஒரு தாளமாகிவிடுகிறது. வலது திருப்பத்துக்குள் நுழையும்போது லேசாக முறுக்கிக்கொடுத்தால் வண்டியே திரும்ப உதவுகிறது. இடது திருப்பத்துக்கு முன் பிரேக்கைத் தொட்டால் போதும், மூக்கு தானாக உள்ளே போகிறது. சைடுகாரைப் பொருத்தும்போதே இந்தத் தாளத்தை அளந்து வைக்கவேண்டும். இரண்டு நேரான நீளப் பலகைகளை எடுத்து, ஒன்றைப் பைக்கின் இரு சக்கரங்களையும் ஒட்டி, மற்றதைச் சைடுகார் சக்கரத்தை ஒட்டி வைத்து, முன்னாலும் பின்னாலும் இடைவெளியை அளப்பார்கள். முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகியிருக்க வேண்டும். பைக் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்து நிற்கவேண்டும். கம்ப்யூட்டர் வைத்த கடையெல்லாம் வேண்டியதில்லை, பலகை கோணாமல் இருந்தால் போதும்.

இப்போது பூர்வீகம். இதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த வண்டிமேல் இருந்த ஆசை பைத்தியமாக மாறியது.

1930களின் கடைசியில் சோவியத் ராணுவத்துக்கு நம்பகமான ஒரு சைடுகார் மோட்டார்சைக்கிள் தேவைப்பட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்த முன்மாதிரி ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்71. ஸ்வீடன் வழியாக ஐந்து வண்டிகளை ரகசியமாக வாங்கிவந்து, மாஸ்கோவில் அக்கக்காகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைந்தார்கள் என்பது யூரல் ஆலைக்காரர்களே சொல்லும் கதை. அப்போது இரு நாட்டுக்கும் ஒப்பந்தமே இருந்தது, ஒளித்து வாங்க என்ன அவசியம் என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு ஸ்வீடன் கதைதான் பிடிக்கிறது. ருசி அதில்தான்.

எப்படி வந்ததோ, 1941இல் எம்-72 என்ற பெயரில் தயாரிப்பு தொடங்கியது. 746 சிசி, 22 குதிரைத் திறன். அதே ஆண்டு ஜூனில் ஜெர்மானியப் படை எல்லை தாண்டியது. மாஸ்கோவை நெருங்கியதும் ஆலையையே பெயர்த்து ரயிலேற்றி யூரல் மலைகளுக்கு அப்பால் அனுப்பினார்கள். வந்திறங்கிய இடம் இர்பித், யெகதெரின்பர்க்கிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டில் பெரிய சந்தைக்குப் பேர்போன ஊர்; நீஸ்னி நோவ்கோரத் சந்தைக்கு அடுத்தபடி ரஷ்யாவிலேயே இதுதான் என்பார்கள். ஆனால் மோட்டார்சைக்கிள் ஆலை வைக்கத் தோதான பெரிய கட்டடம் ஊருக்கு வெளியே இருந்த பீர் ஆலை ஒன்றுதான். பீர் போனது, லேத் வந்தது. 1942 பிப்ரவரி 25ஆம் தேதி முதல் தொகுதி எம்-72 வண்டிகள் அங்கிருந்து போர்முனைக்குப் புறப்பட்டன. யூரல் மலையோரத்து பிப்ரவரி எப்படியிருக்கும் என்று நான் பட்டு அறிந்தவன். அந்தக் குளிரில், நேற்றுவரை பீர் காய்ச்சிய கூடத்தில், மோட்டார்சைக்கிள் செய்திருக்கிறார்கள்! போர் முடியும்வரை இர்பித்திலிருந்து போனவை 9,799. சைடுகாரில் இயந்திரத் துப்பாக்கி பொருத்தி உளவு பார்க்கப் போயின, தூது போயின, காயம்பட்டவர்களைச் சுமந்தன. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மானியர்களும் பி.எம்.டபிள்யூ. சைடுகாரில்தான் வந்தார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும்.

என் வண்டியின் சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர். எம்-72இன் விட்டமும் 78. ஆர்71இன் விட்டமும் 78. நடுவில் வால்வுகள் பக்கவாட்டிலிருந்து தலைக்கு ஏறின, பிஸ்டன் ஓடும் தூரம் 78இலிருந்து 68 ஆனது, மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 ஆனது. அந்த 78 மட்டும் அசையவில்லை. பிஸ்டன் ரிங் மாற்றும்போது கேலிப்பரில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டேன்.

ஜெர்மனியில் 1941இலேயே ஆர்71 நின்றுபோனது. இர்பித்திலும் உக்ரைனின் கீவ் நகரத்திலும் அதன் வம்சம் வளர்ந்தது. சீனாவுக்குப் போய் சாங் ஜியாங் என்ற பெயரில் பிறந்தது. பெற்றவர்கள் கைவிட்ட வண்டியை வளர்த்தவர்கள் காப்பாற்றிய இந்தக் கதை நமக்குத் தெரியாததா? ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் ஓடிக்கொண்டேதானே இருந்தது! அதற்கும் இந்தியாவில் முதல் பெரிய வாடிக்கை ராணுவம்தான். இர்பித் ஆலைக்காரர்கள் இதுவரை செய்த வண்டிகள் 30 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். போர்க்காலத்துப் பத்தாயிரம் போக மீதியில் மிகப் பெரும்பாலானவை சுமந்தது துப்பாக்கியை அல்ல. வைக்கோல், பால்கேன், மீன், விறகு, மாமியார்.

ஆனாலும் ராணுவ ரத்தம் போகவில்லை. சிலர் சிப்பாய்ப் பச்சை அடித்து, சைடுகாரில் போலித் துப்பாக்கி வைத்து, பழைய தொப்பி மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அது வேடம். ரத்தம் இருப்பது வேறிடத்தில். நேற்றுப் படையில் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன், விறைத்த விரல்களோடு, வெளிச்சம் இல்லாத இடத்தில், கையேடு இல்லாமல் சரிசெய்யக்கூடியதாக இந்த வண்டி இருக்கவேண்டும் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அந்தப் பையனுக்காகச் செய்த ஏற்பாட்டை, எண்பது ஆண்டு கழித்து, மெக்கானிக் அல்லாத நான் அனுபவிக்கிறேன்.

ஒரு ஜூன் மாதம், பைன் காட்டுக்கு நடுவே மண்பாதையில், வண்டி திடீரெனப் பாதி பலத்தை இழந்தது. சத்தமும் பாதி. இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று நொண்டிக்கொண்டாவது வீடு சேர்க்கும். எது படுத்தது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இரண்டு புகைக்குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வலதில் சுரீர். இடதில் வழிந்தது. இடது பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து மிதித்தேன், நீலப் பொறி நன்றாகவே அடித்தது. அப்படியானால் பெட்ரோல்தான். கார்ப்புரேட்டரின் கீழ்க்கிண்ணத்தைக் கழற்றிச் சாய்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பாசிமணி அளவுக்குத் தண்ணீர்ச் சொட்டு, பெட்ரோலுக்கடியில் உருண்டுகொண்டு. வழியில் பெட்ரோல் போட்ட இடத்தின் புண்ணியம். கொட்டிவிட்டு, ஜெட்டை வாயால் ஊதி, மாட்டினேன். இதற்குள் கொசுக்கூட்டத்தோடு ஒரு மனிதரும் எங்கிருந்தோ வந்து குந்தியிருந்தார், கையில் காளான் கூடை. நான் கேட்காமலே டேப்பெட் மூடியைக் காட்டி, வந்ததே வந்தோம் அதையும் பார்த்துவிடுவோமே என்றார். எஞ்சின் சூடாக இருக்கிறது, கையேடு சொல்லும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்கவேண்டும் என்றேன். ஆறட்டும் என்று கூடையிலிருந்து ரொட்டியை எடுத்தார். ஆறும்வரை தின்றோம். பீலர் கேஜ் தகடு உள்ளே போகும்போது வெண்ணெயில் கத்திபோல் போகாமலும் முரண்டாமலும் விரலுக்குச் சின்னதாக ஒரு பிடிப்புத் தரவேண்டும்; அதை அவர் தகடே இல்லாமல், ராக்கரை ஆட்டிப்பார்த்தே சரி என்றார். சரியாகத்தான் இருந்தது.

குறைகள் இல்லாமலா? டிரம் பிரேக் பிரேக்கே அல்ல, ஒரு விண்ணப்பம். மணிக்கு 80க்கு மேல் போனால் பல் ஆடும். நூறு கிலோமீட்டருக்கு ஏழெட்டு லிட்டர் குடிக்கும், ஒரு சின்னக் காரே அவ்வளவு குடிக்காது. பழையதை வாங்குகிறவர்கள் முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: என்னுடையது போன்ற பழைய 650 எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிராங்க் சுழலும் வேகத்தில் அழுக்கை ஓரமாக ஒதுக்கும் தட்டுக் கிண்ணங்கள்தான் அதன் ஃபில்டர். அவை நிரம்பிவிட்டால் எண்ணெய் போகாது, பெரிய பேரிங் காலி. எனவே விற்பவரிடம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரும் உண்மை சொன்னதில்லை. எண்ணெயை எப்போதெல்லாம் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது யோசிக்காமல் சொன்னால் வாங்குங்கள்.

இரண்டு சக்கரமும் இழுக்கும் கியர்-அப் மாடலை நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். நெம்புகோலைத் தள்ளினால் சைடுகார் சக்கரத்துக்கும் விசை போகும். அதில் டிஃபரென்ஷியல் இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், அதனால் தார் ரோட்டில் போட்டால் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. சேற்றுக்கும் பனிக்கும் மட்டும். மார்ச் மாதம் பனி உருகி, ஜீப்பே தயங்கும் வழியில், அவர் சைடுகாரில் நான் உட்கார்ந்து போனேன். முகம் முழுக்கச் சேறு, வாய் முழுக்கச் சிரிப்பு. புதுசில் இப்போது பிரெம்போ பிரேக்கும் ஃப்யூயல் இஞ்செக்‌ஷனும் வந்துவிட்டன. 2022இல், போரும் தடைகளும் வந்த பிறகு, வண்டி பூட்டும் வேலையும் இர்பித்தை விட்டுக் கஜகஸ்தானின் பெத்ரோபாவல் நகரத்துக்குப் போய்விட்டது. ஒரு போர் கொண்டுவந்த ஆலையை இன்னொரு போர் கிளப்பிவிட்டது. இர்பித்தில் மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது, போகிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் எம்-72 முன்னாலேயே அரை நாளைத் தொலைத்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வார இறுதியில் ஓட்டும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். செப்டம்பர் வந்தால் எங்கள் தெருவே என் வண்டிக்கு உரிமை கொண்டாடும். உருளைக்கிழங்கு அறுவடைக் காலம். வயலிலிருந்து நிலவறைக்கு மூட்டை கொண்டுவர யாரிடம் வண்டி இருக்கிறது? இந்தியனிடம் இருக்கிறது. கடந்த அறுவடையில் எதிர்வீட்டுப் பாட்டி தன் மூட்டைகளைச் சைடுகாரில் அடுக்கி, அவற்றின்மேல் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூட்டை திருடு போகாமல் பார்த்துக்கொள்கிறாராம். கையேட்டில் போட்டிருக்கும் சுமையளவு 255 கிலோ. அன்று அதை எவ்வளவு தாண்டினோம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. மேட்டில் முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறினோம். பின்னால் வந்த பளபளக்கும் புது ஜீப்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். நான் ஓரம் கட்டலாமா என்று பார்த்தேன். பாட்டி மூட்டைமேல் உட்கார்ந்தபடியே திரும்பி, வழி வேண்டுமானால் வயலில் இறங்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, என் முதுகில் தட்டினார், நிறுத்தாதே, ஓட்டு என்று.